பாகற்காய்ப் பச்சை

போன மாதம் நம் ஜவுளிக்கடையில் புதிதாக மேனேஜர் ஆன உங்களுக்கெல்லாம் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ரிட்டயர் ஆன பெரியவர் என்ற மரியாதைக்கு என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டாக் எடுப்பது, ஷிப்ட் போடுவது, ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் பழைய சரக்கை நகர்த்துவது என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். நீங்களும் குறிப்பெடுப்பது மாதிரி பேனாவை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி ஆட்டியவன்தான், எனக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு பெண் எழுந்து நின்றாள். சுடிதார் செக்‌ஷனில் இருந்து அந்த வாரம்தான் மேனேஜர் ஆனவள். "சார், நேத்து வரைக்கும் தோள்ல கையப் போட்டுப் பேசுன பிள்ளைக, இன்னைக்கு என்னையப் பாத்தா எந்திரிச்சு நிக்குதுக. பேச்ச நிறுத்திருதுக. இது எப்ப சார் சரியாகும்?" என்று கேட்டாள்.

"போகப் போகச் சரியாகிரும்மா" என்றேன். எல்லோரும் கைதட்டினீர்கள். அவள் மட்டும் தட்டவில்லை. கெட்டிக்காரி. முன்வரிசையில் முதலாளி உட்கார்ந்திருந்தார், அதனால் அதற்கு மேல் நான் பேசவில்லை. இப்போது வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். முதலாளி படித்தால் படிக்கட்டும், எனக்கு இனி இன்கிரிமென்ட் எதுவும் பாக்கி இல்லை.

நானும் சின்னச்சாமியும் ஒரே வாரத்தில் சேலை செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் எழுமலைக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு ரெக்சின் பையோடு பஸ் ஏறியவன், கடை ஹாஸ்டலில் தங்கியிருந்தான். நான் சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவன், அப்பா ஆபீஸ் குமாஸ்தா. பி.காம். முடித்துவிட்டு பேங்க் பரீட்சையாக எழுதிக்கொண்டிருந்தேன். வேலை கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமே என்றுதான் கடையில் சேர்ந்தேன். அப்படியே ரிட்டயரும் ஆகிவிட்டேன்.

சேர்ந்த அன்றே அவன் என்னை மாப்ள என்று கூப்பிட்டான். மதுரையில் அதற்குச் சம்பந்தம் எதுவும் பேசி முடிக்க வேண்டியதில்லை. ஒரு டீயைப் பாதி பாதியாகக் குடித்தாலே போதும். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி அவன் சொன்னதை என் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். மறுநாளில் இருந்து அம்மா இரண்டு டப்பா கட்டித் தர ஆரம்பித்தாள். "அந்தப் பிள்ளைக்குப் புளிக்குழம்பு பிடிக்குமாடா?" என்று அவனுக்காகத்தான் சமையலே நடந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

ஜவுளிக்கடை வேலை என்றால் விற்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நிற்பதுதான் வேலை. விற்பது நடுநடுவே நடக்கும். காலையில் ஷட்டர் தூக்கும்போது நிற்க ஆரம்பித்தால், சாப்பாட்டு நேரம் போக, கடை அடைக்கும் வரைக்கும் நிற்க வேண்டும். கஸ்டமர் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால்கூட மேனேஜருக்குப் பிடிக்காது. இப்போது உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. கவுண்டருக்குக் கவுண்டர் ஸ்டூலும் கிடக்கிறது. அதில் யார் எப்போது உட்காருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எங்களுக்கு ஸ்டூல் கிடையாது. கவுண்டருக்குப் பின்னால், கீழ்த்தட்டை ஒட்டி, உள்பாவாடைக் கட்டுகள் அடுக்கியிருக்கும். அதுதான் எங்கள் சிம்மாசனம். ஒருவன் கட்டின் மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வான், இன்னொருவன் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். முறை வைத்து உட்காருவோம். மேனேஜர் படியேறி வந்தால் நிற்பவன் சத்தமாக ஒரு கேள்வி கேட்பான்:

"பாகற்காய்ப் பச்சை வந்துருச்சாண்ணே?"

அவ்வளவுதான். ஃப்ளோர் முழுக்க எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள். கிளிப்பச்சை உண்டு, பாசிப்பச்சை உண்டு, இலைப்பச்சை உண்டு. பாகற்காய்ப் பச்சை என்று சேலையில் ஒரு கலரே கிடையாது. அப்போதிருந்த மேனேஜர் சாப்பிட்டாலும் சிரித்தாலும் பாகற்காயைக் கடித்த முகமாகவே இருப்பார். அதை வைத்து அந்தப் பேரைக் கண்டுபிடித்தவன் நான்தான். சின்னச்சாமி அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்கவே வேலைக்குப் போன நாட்கள் உண்டு.

பிறகு அந்த மேனேஜர் உடம்புக்கு முடியாமல் மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். பெரிய முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீதான் பி.காம். ஆச்சே, நாளையிலிருந்து நீ பாத்துக்க" என்றார். இத்தனைக்கும் என்னைவிட நன்றாக விற்கிறவன் சின்னச்சாமி. அவனே எனக்காக ஜிகர்தண்டா வாங்கிக்கொடுத்துக் கொண்டாடினான். "மாப்ள மேனேஜர்டோய்!" என்று தெருவில் கத்தினான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் கட்டி, சேலை செக்‌ஷனுக்குப் படியேறினேன். கடைசிப் படிக்கு இரண்டு படி இருக்கும்போது மேலே இருந்து குரல் கேட்டது.

"பாகற்காய்ப் பச்சை வந்துருச்சாண்ணே?"

சின்னச்சாமியின் குரல். கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மேலே போனேன். யாரும் சிரிக்கவில்லை. கவுண்டர்களுக்குப் பின்னால் சரசரவென்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். உள்பாவாடைக் கட்டின் மேல் ஒரு பள்ளம் மெதுவாக நிமிர்ந்துகொண்டிருந்தது. "வணக்கம் சார்" என்றான் சின்னச்சாமி. நான் வைத்த பேர், இப்போது எனக்கே வந்திருந்தது.

மதியம் இரண்டு டப்பாவோடு சாப்பாட்டு அறைக்குப் போனேன். உள்ளே இருந்த பேச்சு என் கால் சத்தத்தில் நின்றது. சின்னச்சாமி எழுந்து நின்று, "நான் ஹாஸ்டல்லயே சாப்பிட்டு வந்துட்டேன் சார்" என்றான். சாயங்காலம் கனம் குறையாத டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளை இன்னைக்கு லீவாடா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாளும் லீவு என்றேன். அதற்கு மறுநாள் அவளே கேட்பதை விட்டுவிட்டாள். ஆனாலும் இரண்டு டப்பா கட்டுவதை நிறுத்தவில்லை.

என்னைப் பார்த்து எழுந்திருக்க வேண்டாம் என்று ஃப்ளோரில் சொல்லிப் பார்த்தேன். "சரிங்க சார்" என்று நின்றுகொண்டே சொன்னார்கள். நானே போய் உள்பாவாடைக் கட்டின் மேல் உட்கார்ந்தும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பையன்கள் இன்னும் விறைப்பாக நின்றார்கள். நான் எழுந்து போன பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்திருக்கும்.

அந்தத் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் சின்ன முதலாளி, அதாவது பெரிய முதலாளியின் மகன், படிப்பு முடிந்து ஊருக்கு வந்தார். வந்ததும் சொன்ன முதல் சட்டம், கடையில் உட்கார்ந்திருப்பவனைக் கண்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பு என்பது. வாய்ப் பேச்சு என்றுதான் நினைத்தோம். வேட்டி செக்‌ஷனில் மூட்டு வலிக்கு ஒரு நிமிஷம் உட்கார்ந்த அண்ணன் ஒருவரைக் கஸ்டமர்கள் கண்ணெதிரிலேயே வெளியே அனுப்பினார். அவர் செருப்பைத் தேடிக்கொண்டு நின்ற கோலத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சின்னச்சாமிக்கு அப்போது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. நின்று நின்று வருகிற வியாதி, நம் தொழிலில் பாதிப் பேருக்கு உண்டு. கெண்டைக்காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. பேன்ட்டுக்குள் துணி சுற்றிக்கொண்டு வருவான். பேக்கிங்குக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். "தையில தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சிருக்கு சார். தீபாவளி முடியட்டும், சேலையிலேயே நிக்கிறேன்" என்று மறுத்துவிட்டான். சேலைக்குத்தான் கமிஷன் உண்டு. இந்த வேலை போனால் அந்தக் கல்யாணமும் நின்றுபோகும் என்பது எனக்கும் தெரியும், ஹாஸ்டலில் எல்லோருக்கும் தெரியும்.

தீபாவளிக் கூட்டம். ஒரு மதியம் நான் கீழே பில்லிங்கில் நிற்கிறேன். சின்ன முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, "வாங்க, சேலை செக்‌ஷனைப் பாத்துட்டு வந்துருவோம்" என்று படியேற ஆரம்பித்தார். சற்று முன்னால்தான் மேலே போய் வந்திருந்தேன். சின்னச்சாமி கட்டின் மேல் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்திருந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்திருந்தேன். என் தலையைப் பார்த்தும் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. வலி அப்படி. படியைப் பார்த்து நிற்க வேண்டிய பையனைச் சுற்றி ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே சேலை பிரித்துக்கொண்டிருந்தது. அவன் எங்களைப் பார்க்க வழியே இல்லை.

பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "சார், பில்லிங்ல ஒரு சின்னப் பிரச்சினை" என்றேன். "வந்து பாத்துக்கலாம்" என்று இரண்டு படியாகத் தாண்டிப் போனார். இளவட்டம். நான் பின்னால் ஓடினேன். கையைப் பிடித்தா இழுக்க முடியும்? கடைசி வளைவில் என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. மேனேஜர் அதட்டுகிற குரலில் கத்தினேன்.

"மேல யாருப்பா? பாகற்காய்ப் பச்சை வந்துருச்சா இல்லையா?"

மேலே அந்தச் சரசரப்பு. எனக்கு அது கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. படியில் நின்று திரும்பி, "அது என்ன கலர்?" என்றார்.

"புது வரவு சார். கஸ்டமர் ஒருத்தங்க கேட்டு உசிர எடுக்குறாங்க."

மேலே போனோம். சின்னச்சாமி நின்றுகொண்டிருந்தான். ஒரு கையால் கவுண்டரை அழுத்திப் பிடித்திருந்தான், நெற்றியெல்லாம் வேர்வை. சின்ன முதலாளி நேராக அவனிடமே போய், "அந்தக் கலரக் காட்டு பாப்போம்" என்றார். சின்னச்சாமி கொஞ்சமும் அசராமல் பின்னால் திரும்பி, கைக்கு வந்த பச்சைச் சேலை ஒன்றை எடுத்து விசிறிப் போட்டான்.

"இதாங்க சார்."

"இது பாசிப்பச்சைதான?"

"பாசி கருப்படிக்கும் சார். இது வெளிச்சத்துல லேசா மஞ்சள் அடிக்கும் பாருங்க. மெட்ராஸ்ல இதத்தான் கேக்குறாங்களாம்."

சின்ன முதலாளி சேலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நல்லாத்தான்யா இருக்கு" என்றார். பிறகு என்னிடம், "இதை ஏன் உள்ள போட்டு வச்சிருக்கீங்க? வாசல்ல பொம்மைக்குக் கட்டுங்க" என்றார். அன்று சாயங்காலமே வாசல் பொம்மை அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் போர்டு, பெரிய எழுத்தில்: தீபாவளி புது வரவு, பாகற்காய்ப் பச்சை.

அடுத்த நாள் வேடிக்கையைக் கேளுங்கள். உசிலம்பட்டி பஸ்ஸில் வந்த அக்கா ஒருத்தி படியேறி வந்து, "ஏந்தம்பி, பாகற்காப் பச்ச வந்துருச்சா?" என்றாள். ஃப்ளோர் முழுக்க எழுந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு அம்மா. மறுபடியும் எழுந்து நின்றார்கள். அந்தத் தீபாவளியில் அந்தக் கலர் விற்ற மாதிரி வேறெதுவும் விற்கவில்லை. பையன்கள் உட்கார்ந்து எழுந்தே ஓய்ந்துபோனார்கள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. சின்னச்சாமியைத் தேடினேன், சேர்ந்து சிரிக்கலாம் என்று. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு சேலை மடித்துக்கொண்டிருந்தான். தோள் மட்டும் குலுங்கியது.

அன்று மதியம் டப்பாக்களோடு அவனைத் தேடிப் போனேன். ஸ்டாக் ரூமில் தனியாக இருந்தான். எழுந்து நின்றான்.

"நேத்து பெரிய உதவி பண்ணிட்டீங்க சார். தங்கச்சி கல்யாணம் உங்களாலதான் நடக்கும்" என்றான்.

"இப்பவும் ஏன்டா சார்ங்குற?"

அவன் காலை மாற்றி நின்றான். பதில் சொல்ல அவனுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொன்னான். "நேத்து நீங்க எங்களுக்காகக் கத்துனீங்க. நாளைக்கு முதலாளிக்காகக் கத்தச் சொன்னா கத்தித்தான சார் ஆகணும்? உங்க வேலை அது. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா பயலுக பாவம். அவங்களுக்குன்னு ஒரு வார்த்தை வேணும். இந்த வார்த்தை போச்சு. வேற வச்சுக்கிறோம். அது என்னன்னு நீங்க கேக்கக் கூடாது."

கேட்கவில்லை. அவன் சொன்னது நியாயம் என்று புத்திக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? வீட்டுக்குப் போகிற வழியில் வைகைப் பாலத்தில் நின்று அழுதுவிட்டுத்தான் போனேன்.

அதற்குப் பிறகு என்னால் முடிந்ததைச் செய்தேன். இடுப்பில் ஒரு சாவிக்கொத்தை மாட்டிக்கொண்டேன். பாதிச் சாவிகள் எந்தப் பூட்டுக்கும் சேராதவை. படியேறும்போது அது சலங்கை மாதிரி சத்தம் போடும். போதாததற்கு இருமுவேன். கடையில் எனக்கு ஆஸ்துமா என்று பேச்சு இருந்தது. கஸ்டமர் பையை வைக்க என்று சொல்லி, கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் வாங்க பெரிய முதலாளியிடம் கையெழுத்து வாங்கினேன். அந்த ஸ்டூல்களில் கஸ்டமர் பை எதையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் புது வார்த்தை என்னவென்று தெரியாமல் தவித்த தவிப்பு இருக்கிறதே. மேலே போகும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு போவேன். "மூணாவது ரேக்க மூடியாச்சா?" என்று ஒருவன் கேட்பான். இதுவாக இருக்குமோ? "டீ சொல்லியாச்சா அண்ணே?" இதுவோ? நான் ஏறி முடிப்பதற்குள் எல்லோரும் நின்றிருப்பார்கள். பெரிய கடைக்கே மேனேஜர், பார்க்கிறவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள். எனக்கோ அந்தப் படிக்கு மேலே, உள்பாவாடைக் கட்டின் மேல், பாதி டீயோடு ஓர் இடம் வேண்டியிருந்தது. ரிட்டயர் ஆகிற வரைக்கும் வேண்டியிருந்தது. இப்போதும்தான்.

ஆக, அம்மா, அன்றைக்கு வகுப்பில் நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இது. சரியாகாது. உன்னைப் பார்த்து எழுந்து நிற்கிற பிள்ளைகள் உன்னை வெறுக்கவில்லை, உன் நாற்காலியைப் பார்த்து நிற்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு வார்த்தை வைத்திருப்பார்கள். அதைத் தோண்டாதே. சத்தம் போட்டுப் படியேறு. உன்னைத் தவிர வேறு யாராவது படியேறினால் அதைவிடச் சத்தம் போடு.

சின்னச்சாமி எனக்கு முன்னாலேயே வேலையை விட்டான். காலில் ஆபரேஷன் செய்துகொண்டு, சமயநல்லூரில் ரோட்டோரம் நைட்டி, உள்பாவாடை, பிட்டுத்துணி விற்கிற சின்னக் கடை போட்டான். நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வோம். அங்கேயும் "வாங்க சார்" தான். அவன் தங்கச்சி மகள் இப்போது நம் கடையில்தான், சேலை செக்‌ஷனில் நிற்கிறாள்.

பயிற்சி வகுப்பு முடிந்த மறுவாரம், மனசு கேட்காமல், டவுன் பஸ் ஏறி சமயநல்லூர் போனேன். அம்மா போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. பழைய டப்பாக்கள் இரண்டிலும் என் மனைவியிடம் சொல்லிப் புளிக்குழம்புச் சோறு கட்டி வாங்கிப் போயிருந்தேன். அவன் கடைக்குள் நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் காலை இறக்கப் போனான்.

"வாங்க சார்."

"எந்திரிச்சேன்னா அப்படியே திரும்பிப் போயிருவேன்" என்றேன். அவன் காலை மறுபடி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினான். வேறு நாற்காலி இல்லை. ஓரமாக உள்பாவாடைக் கட்டு ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். டப்பாக்களைப் பக்கத்தில் இறக்கி வைத்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன்.

"நானும் ரிட்டயர், நீயும் ரிட்டயர். இப்பவாவது சொல்லு. அந்தப் புது வார்த்தை என்ன?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் மெதுவாகச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ வருஷமாக நான் கேட்காத சிரிப்பு.

"சொல்ல மாட்டேன் மாப்ள" என்றான். "அங்க இன்னும் பிள்ளைக நின்னுக்கிட்டுத்தான இருக்கு. அந்த வார்த்தை இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. நீ பாட்டுக்கு எதுலயாச்சும் எழுதிப்புடுவ."

நான் கண்ணாடியைக் கழற்றினேன். துடைக்கத் துண்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவன் ஒரு பிட்டுத்துணியை எடுத்து என் மடியில் போட்டான்.

"அத அப்பறம் தொடச்சுக்கலாம். அந்த ரெண்டாவது டப்பாவ எடு மாப்ள, பசிக்குது."